கூரையை மாற்றப்போவது யார்: விளையாட்டரங்க நிதிக்கான மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

2024 ஏப்ரல் 2 அன்று, மிசௌரி மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) நடந்த வாக்கெடுப்பில் நான் 'வேண்டாம்' என்று வாக்களித்தேன். 2006-இல் மக்கள் ஒப்புக்கொண்டதும் 2031-இல் முடியவேண்டியதுமான 0.375 விழுக்காட்டு விற்பனை வரியை நீக்கிவிட்டு, அதே அளவு வரியை 40 ஆண்டுகளுக்குப் புதிதாக விதிக்கலாமா என்பதே வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி. அந்தப் பணத்தைக் கொண்டு ராயல்ஸ் பேஸ்பால் அணி இதே கவுண்டியில் உள்ள கான்சாஸ் சிட்டியின் நடுப்பகுதியில் புதிய அரங்கம் ஒன்றைக் கட்ட விரும்பியது. சீஃப்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி, 1972-இல் திறக்கப்பட்ட ஏரோஹெட் அரங்கத்தைப் புதுப்பிக்க விரும்பியது. ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் என்னைப் போலவே வாக்களித்ததால் திட்டம் தோற்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சீஃப்ஸின் சிவப்புச் சட்டை அணிந்து தொலைக்காட்சி முன் உட்காரும் நீயா இப்படிச் செய்தாய் என்று நண்பர்கள் சிலர் இன்றும் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

தொழில்முறை அணிக்கு அரங்கம் எழுப்ப அமெரிக்காவில் பெரும்பாலும் மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. எல்லோரும் செலுத்தும் விற்பனை வரியை அடமானமாகக் காட்டிக் கடன் பத்திரம் வெளியிட்டு, கவுண்டியோ நகராட்சியோ அரங்கைக் கட்டித் தன் உடைமையாக வைத்துக்கொள்வது முதல் வழி. வெளியூரிலிருந்து வருபவர்கள் கட்டும் ஹோட்டல் அறை வரியையோ, அரங்கைச் சுற்றி உருவாகும் வணிகப் பகுதியின் எதிர்கால வரியையோ மட்டும் அடமானம் வைப்பது இரண்டாம் வழி. அணியே தன் பணத்திலும் தன் கடனிலும் கட்டிக்கொள்ள, சாலை, வடிகால், ரயில் நிறுத்தம் போன்றவற்றை மட்டும் பொதுப்பணத்தில் செய்துகொடுப்பது மூன்றாம் வழி. என் சாய்வு மூன்றாவதன் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேலைவாய்ப்பு, ஊருக்குப் பெருமை, உணவகங்களுக்குக் கூட்டம் ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசத் தேவையில்லை. ஆட்டத்துக்குப் போகும் குடும்பம் அங்கே செலவழிக்கும் பணத்தின் பெரும்பகுதி, போகாமல் இருந்தால் அதே ஊரின் திரையரங்கிலோ உணவகத்திலோ செலவாகியிருக்கும் என்பதைப் பொருளாதார அறிஞர்கள் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்; அவர்களுக்குள் இவ்வளவு ஒத்த கருத்து நிலவும் விஷயங்கள் குறைவு. மேலும், ஒரு என்.எஃப்.எல் (அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொழில்முறை லீக்) அணி வழக்கமான பருவத்தில் தன் அரங்கில் ஆடுவது எட்டு அல்லது ஒன்பது ஆட்டங்கள்தான். பேஸ்பாலுக்கு 81 ஆட்டங்கள் உண்டு என்பதால் அதன் கணக்கு கொஞ்சம் மேல், அவ்வளவே.

சுமையின் அளவையும் மிகைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. நூறு டாலருக்கு வாங்கினால் இந்த வரி 37.5 சென்ட். வரிக்கு உட்பட்ட பொருள்களில் ஆண்டுக்கு 20,000 டாலர் செலவழிக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 75 டாலர், நாற்பது ஆண்டுகளில் 3,000 டாலர். இதனால் எவரும் நொடித்துப்போவதில்லை. ஆனால் மாநிலம் மளிகைப் பொருள்களுக்குத் தன் பங்கைக் குறைத்து வசூலித்தாலும் உள்ளூர் விற்பனை வரிகள் அவற்றின் மீதும் முழுமையாக விழுகின்றன. பாலும் அரிசியும் வாங்கிய ரசீதில் உள்ளூர் வரியை நான்கைந்து துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தபோது, அரங்கத்தின் வாசலைக்கூட மிதிக்காத ஒருவரும் இதில் அதே விகிதத்தில் பங்கு போடுகிறார் என்பது உறைத்தது. இருந்தும் என் வாக்கை முடிவுசெய்தது இதுவன்று. வாக்களிக்கும் நாளில் அணிகளுடனான குத்தகை ஒப்பந்தத்தின் இறுதி வடிவம் எங்கள் முன் இல்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்தக் கட்டடங்களைப் பராமரிக்கும் கடமை எந்தச் சொற்களில் யார் தலையில் எழுதப்படும் என்பது தெரியாமலே நாற்பது ஆண்டு வரிக்குச் சம்மதம் கேட்டார்கள்.

பராமரிப்பு என்ற சொல்லைக் கேட்டால் வெள்ளையடிப்பதும் குழாய் மாற்றுவதும்தான் நினைவுக்கு வரும். விளையாட்டரங்கக் குத்தகைகளில் அதன் பொருளே வேறு. செயின்ட் லூயிஸ் நகரம் 1995-இல் சுமார் 28 கோடி டாலர் பொதுச்செலவில் கூரையிட்ட அரங்கம் ஒன்றைத் திறந்து, ராம்ஸ் அணியை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வரவழைத்தது. என்.எஃப்.எல் அரங்கங்களின் தரவரிசையில் அது முதல் 25 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், குறித்த ஆண்டுகளில் அப்படி இல்லையென்றால் அணி நீண்டகாலக் குத்தகையிலிருந்து விடுபடலாம் என்பது ஒப்பந்தத்தின் ஒரு வரி. அந்த வரியை நின்று படிக்க வேண்டும். உங்கள் அரங்கில் ஓர் ஓடுகூட உடையாமல் இருக்கலாம். டாலஸிலும் இண்டியானாபொலிஸிலும் புதிதாக ஒன்று எழுந்தாலே உங்களுடையது தரவரிசையில் கீழே இறங்கிவிடும். அதாவது, உங்கள் செலவின் அளவை அடுத்த ஊர்க்காரர்கள் தீர்மானிக்கிறார்கள். நகரத் தரப்பு சுமார் 12 கோடி டாலர் மேம்பாட்டைத்தான் முன்வைத்தது. 2013-இல் நடுவர் குழு அணியின் பக்கமே தீர்ப்பளித்தது. அணி கேட்ட வேலைகளின் மதிப்பு சுமார் 70 கோடி டாலர், கட்டடத்தின் மூல விலையைப்போல் இரண்டரை மடங்கு. நகரம் மறுத்தது. 2016-இல் ராம்ஸ் மீண்டும் லாஸ் ஏஞ்சலிஸுக்கே திரும்பியது. கடன் பத்திரத் தவணையோ அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. வழக்கு ஒன்றில் 2021-இல் 79 கோடி டாலர் சமரசத் தொகை கிடைத்தது உண்மைதான். ஆனால் அது அணி போன விதத்துக்காகக் கிடைத்த பணம், ஒப்பந்தத்தின் நல்லெண்ணத்தால் வந்ததன்று.

சின்சினாட்டி அமைந்துள்ள ஹாமில்டன் கவுண்டியின் கதை இன்னும் விசித்திரமானது. 1996-இல் அரங்கங்களுக்கான அரை விழுக்காட்டு விற்பனை வரிக்கு மக்கள் ஒப்புதல் அளித்தார்கள். வீட்டுக்காரர்களுக்குச் சொத்து வரியில் தள்ளுபடி உண்டு என்ற உறுதிமொழியும் அதோடு சேர்ந்து வந்தது. வரி வருவாய் எதிர்பார்த்த வேகத்தில் வளராதபோது முதலில் குறைக்கப்பட்டது அந்தத் தள்ளுபடிதான். பெங்கால்ஸ் அணியின் குத்தகையில், பிற அரங்கங்கள் வாங்கும் புதிய வசதிகளைக் கவுண்டியும் தன் செலவில் வாங்கித்தர வேண்டும் என்று இருந்தது. அந்தப் பட்டியலில் ஆட்டக்காட்சியை ஹோலோகிராமாகத் திரும்பக் காட்டும் கருவிகூட இடம்பெற்றிருந்தது. அப்படி ஒரு கருவி எந்த அரங்கிலும் இல்லாத காலத்திலேயே அதற்கான கடமையை எழுதிவைத்த வழக்கறிஞரின் முன்யோசனையை வியக்காமல் இருக்க முடியவில்லை! 2025-இல் செய்துகொண்ட புதிய ஏற்பாட்டிலும், 47 கோடி டாலர் புதுப்பிப்பில் 35 கோடி கவுண்டியுடையது.

புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம், ரேஸ் பேஸ்பால் அணி ஆடும் டிராப்பிகானா ஃபீல்டு அரங்கத்தின் உரிமையாளர். 2024 அக்டோபரில் மில்டன் புயல் அதன் கூரையைக் கிழித்தெறிந்தது. இழைக்கண்ணாடித் துணி கந்தலாகத் தொங்க, உள்ளிருந்த இரும்புக் கம்பி வலை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. பழுதுபார்க்கும் செலவு சுமார் 5.6 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். செலவைக் குறைப்பதற்காக நகரம் அந்த ஆண்டுதான் காப்பீட்டுத் தொகையை 10 கோடியிலிருந்து 2.5 கோடியாகக் குறைத்திருந்தது. அதிலும் முதல் 2.2 கோடியை நகரமே ஏற்க வேண்டும். ஒப்பந்தப்படி கூரையைச் சீர்செய்து கொடுக்கும் பொறுப்பும் நகரத்துடையதே. அணி அடுத்த பருவத்தை டாம்பாவில் வேறொரு சிறிய அரங்கில் ஆடி முடித்தது. சாலைகளும் வீடுகளும் சிதைந்து கிடந்த ஊரின் மன்றத்தில், பேஸ்பால் கூரைக்குப் பணம் ஒதுக்குவதா என்று விவாதிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

நன்றாக நடந்த உதாரணங்களையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. கிரீன் பே நகரில் பேக்கர்ஸ் அணி ஆடும் லாம்போ ஃபீல்டைப் புதுப்பிக்க, பிரவுன் கவுண்டி மக்கள் 2000-இல் அரை விழுக்காட்டு வரியை ஏற்றார்கள். அந்த வரி 2015-இல் சொன்னபடி முடிந்தது. ஆனால் அந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஊர் மக்களும் ரசிகர்களும் பங்குதாரர்களாக இருக்கும் ஒரே என்.எஃப்.எல் அணி அது. வேறு ஊருக்கு ஓடிவிடுவேன் என்று மிரட்ட அங்கே ஆளில்லை. அதே விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கீ பேஸ்பால் அரங்கத்துக்காக ஐந்து கவுண்டிகளில் வசூலித்த 0.1 விழுக்காட்டு வரியும் 2020-இல் முடிந்தது. அந்த வரிக்கு ஆதரவாகக் கடைசி நேரத்தில் மனம் மாறிய ஒரு மாநில செனட்டரை, 1996-இல் மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கிய கதையும் அதற்கு உண்டு. வரி முடிந்து நான்கு ஆண்டுகள்கூட நிறையாத நிலையில், திறந்து மூடும் கூரையும் கட்டடமும் பழையதாகிவிட்டன என்று மீண்டும் சுமார் 50 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கும் சட்டத்தை 2023-இல் நிறைவேற்றினார்கள். பெரிய பழுதுகளைப் பார்க்கும் கடமை அங்கே பொது அமைப்பின் பெயரில் எழுதப்பட்டிருந்தது.

இரண்டாம் வழி இதைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். லாஸ் வேகஸ் தன் அலிஜியன்ட் அரங்கத்துக்குக் கொடுத்த 75 கோடி டாலரை ஹோட்டல் அறை வரியிலிருந்து ஈட்டுகிறது. நடப்புச் செலவும் நட்டமும் அணித் தரப்பைச் சேர்ந்தவை. பெருந்தொற்றால் 2020-இல் அறைகள் காலியானபோது கடன் தவணைக்குச் சேமநிதியில் கைவைக்க வேண்டியிருந்தது. பிறகு நிலைமை சரியாயிற்று. இருந்தாலும் ஆண்டுக்குக் கோடிக்கணக்கானவர்கள் வந்து தங்கும் ஊரின் ஏற்பாட்டை மற்ற ஊர்கள் படியெடுக்க முடியாது. எங்கள் எல்லைக்கு அப்பால் கான்சாஸ் மாநிலம் பயன்படுத்தும் 'ஸ்டார்' கடன் பத்திரங்கள், புதிய வணிகப் பகுதியில் கிடைக்கும் விற்பனை வரியைக் கொண்டு கடனை அடைப்பவை. அந்த முறையில் காலத்துக்கு முன்பே கடனைத் தீர்த்த திட்டமும் உண்டு, கடனைக் கட்ட முடியாமல் தவறிய திட்டமும் உண்டு. ஒரு முழு என்.எஃப்.எல் அரங்கத்தின் எடையை அது எப்படித் தாங்கும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை.

மூன்றாம் வழிக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோ மக்கள் பொதுப்பண அரங்கத் திட்டங்களை வாக்குப்பெட்டியில் திரும்பத் திரும்ப நிராகரித்த பிறகு, ஜயன்ட்ஸ் அணி சுமார் 35.7 கோடி டாலர் செலவில் கடற்கரையோர அரங்கத்தைத் தானே கட்டி 2000-இல் திறந்தது. 1962-இல் டாட்ஜர் அரங்கத்துக்குப் பிறகு தனியார் நிதியில் எழுந்த முதல் மேஜர் லீக் பேஸ்பால் அரங்கம் என்று அதைக் குறிப்பிடுவார்கள். நிலம் துறைமுக நிர்வாகத்துடையது. அணி அதற்கு வாடகை கட்டுகிறது. பாஸ்டனுக்கு அருகில் 2002-இல் திறந்த ஜில்லெட் அரங்கத்துக்கு மாநிலம் கொடுத்தது சாலை முதலிய வசதிகளுக்கான சுமார் 7 கோடி டாலர்தான். இங்கிள்வுட்டில் 2020-இல் திறந்த சோஃபை அரங்கம் 500 கோடி டாலரையும் தாண்டியது. கட்டியவர் ராம்ஸ் அணியின் உரிமையாளர். செயின்ட் லூயிஸில் 70 கோடி டாலர் பழுதுக்கு ஊராரைக் கைகாட்டிய அதே அணி, தன் இடத்தில் தானே ஏழு மடங்கு செலவழித்தது.

இங்கே பராமரிப்புச் செலவின் தன்மையே மாறிவிடுகிறது. கூரை ஒழுகினால் அணியின் கணக்காளர் அதைத் தன் நட்டமாகப் பார்ப்பார். எனவே 'உலகத்தரம்' என்ற சொல்லுக்கு அளவோடுதான் பொருள் கொள்வார். ராயல்ஸ் அணி தன் காஃப்மன் அரங்கத்தின் தூண்களுக்குக் 'கான்கிரீட் புற்றுநோய்' வந்துவிட்டதாகச் சொன்னது. பக்கத்திலேயே ஓர் ஆண்டு முன்னதாகத் திறந்த ஏரோஹெட்டைப் புதுப்பித்தால் போதும் என்றது சீஃப்ஸ். நோய் உண்மையாகவே இருக்கலாம். கான்கிரீட் கலவை பற்றித் தீர்ப்பளிக்கும் அறிவு எனக்கில்லை. ஆனால் சிகிச்சைச் செலவில் பெரும்பங்கு வேறொருவருடையதாக இருக்கும்போது இடித்துக் கட்டுவதே மருந்து என்ற முடிவுக்கு வருவது எளிது. தவிர, கவுண்டியின் உடைமைக்குச் சொத்து வரி இல்லை. தனியார் உடைமைக்கு உண்டு. பள்ளிகளுக்குப் போகும் பணம் அதில் அடக்கம்.

இந்த வழியின் பலவீனத்தை மறைக்கவில்லை. நான் காட்டிய உதாரணங்கள் எல்லாம் பெரிய சந்தைகளைச் சேர்ந்தவை. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கை உரிமத்தையும் (குறிப்பிட்ட இருக்கைக்குப் பருவச்சீட்டு வாங்கும் உரிமை) அரங்கத்துக்குப் பெயர் சூட்டும் உரிமையையும் விற்றுத் திரட்டிய தொகையைக் கான்சாஸ் சிட்டியில் திரட்ட முடியுமா என்பது எனக்கு ஐயமே. மறுத்தால் அணி போய்விடும் என்பதும் வெறும் பூச்சாண்டியன்று. எங்கள் வாக்கெடுப்பு முடிந்த சில வாரங்களில், 2024 ஜூனில், அரங்கச் செலவில் 70 விழுக்காடு வரை ஸ்டார் பத்திரங்களால் தர வழிசெய்யும் சட்டத்தைக் கான்சாஸ் இயற்றியது. 2025 டிசம்பரில் சீஃப்ஸ் அணி அங்கே மாறப்போவதாக அறிவித்தது. அன்று மாலை எனக்குத் தொலைபேசியில் வந்த அழைப்புகளில் வாழ்த்து ஒன்றும் இல்லை.

மறுபடியும் வாக்குச்சீட்டு கையில் வந்தால் என்ன செய்வாய் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். வரி பதினைந்து ஆண்டுகளில் முடியும் என்றும், பெரிய பழுதுகள் அணியின் செலவு என்றும், பிற ஊர் அரங்கங்களோடு ஒப்பிடும் தரவரிசை விதி கிடையாது என்றும் கையெழுத்திட்ட குத்தகையை வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பே வெளியிட்டால், பொதுப்பணமாக இருந்தாலும் 'சம்மதம்' என்றே குறிப்பேன் என்று சொன்னேன். அப்படி ஒரு குத்தகைக்கு எந்த அணி கையெழுத்திடும் என்று கேட்டுவிட்டு அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். 2006-இல் ஒப்புக்கொண்ட வரி இன்னும் எங்கள் ரசீதுகளில் இருக்கிறது. 2031 வரை இருக்கும்.