ஃபேமிலிசர்ச்: மார்மன் வீடுகளின் குடும்ப மரம்

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1894-இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் இன்றைய உருவம்தான் ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப மர ஆப். நடத்துவது மார்மன் சபை என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபை. சபையில் சேராதவர்களுக்கும் இலவசம். கோயிலில் செய்யும் முத்திரைச் சடங்கு குடும்பத்தைச் சாவுக்கு அப்பாலும் சேர்த்து வைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இறந்துபோன உறவினருக்காகவும் அதைச் செய்வார்கள். அதனால் அவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு ஆப் இல்லை.

துக்க வீட்டில்தான் இதன் குறை தெரியும். உயிரோடு இருப்பவரின் பக்கம், பொதுவாக அதை உருவாக்கியவருக்கு மட்டுமே தெரியும்படி இருக்கும். மூன்று பிள்ளைகள் தனித்தனியாக அம்மாவைச் சேர்த்திருந்து, இறந்தவர் என்று மாற்றினால், பொது மரத்தில் மூன்று அம்மாக்கள்! ஒருவர் மட்டும் பொறுப்பெடுத்து, பிறந்த தேதி, கணவர், பெற்றோர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தே இணைக்க வேண்டும். தப்பாக இணைத்தால் மாற்றங்களின் பட்டியலுக்குப் போய்ப் பழையபடி ஆக்கலாம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய மரம் என்பதால் 'பின்தொடர்' பட்டனை முதலிலேயே அழுத்திவிடுவது நல்லது.

இறந்தவர் பிறந்து 110 ஆண்டு ஆகவில்லை என்றால், அவருக்காகக் கோயில் சடங்கு செய்ய நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும். சரியான விதி, அவசரக்காரர் இல்லாத குடும்பம் ஏது?

'நினைவுகள்' பகுதிக்கு முழு மதிப்பெண். சால்ட் லேக் சிட்டி இருக்கும் யூட்டா மாநிலத்தில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும், அவனில் வேகவைக்கும் உருளைக்கிழங்கு கேசரோலின் பக்குவத்தை, மேலே நொறுக்கிப் போடும் கார்ன்ஃப்ளேக்ஸ் வரை, பாட்டியின் குரலிலேயே பதிந்து வைக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பதியுங்கள். பெரிய கோப்பு ஏறாது.