வாரண்டி இருக்கும்போதே மடிக்கணினியைச் சுத்தம் செய்வது: சர்வீஸ் சென்டரா, கடையா, நம் கையா?

வாங்கிய இரண்டாவது கோடையில் பல மடிக்கணினிகளின் ஃபேன் இரையத் தொடங்கிவிடுகிறது. மூன்று ஆண்டு வாரண்டியில் பாதி மிச்சமிருக்கும் அந்தக் கட்டத்தில் உள்ளே சேர்ந்த தூசியை எடுக்க மூன்று வழிகள் உண்டு. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம்; சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உள்ள பழுதுபார்க்கும் கடையில் கொடுக்கலாம்; அல்லது அடிமூடியை நாமே கழற்றலாம். என் லெனோவோ திங்க்பேடுக்கு நான் மூன்றாவது வழியைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

செலவில் சொந்தக் கையும், வேகத்தில் கடையும் முந்தும் என்பது எல்லாரும் அறிந்ததுதான். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் இலவசமாக முடியும் என்ற எண்ணம் மட்டும் பெரும்பாலும் சரியல்ல. வாரண்டி என்பது தயாரிப்புக் குறைபாட்டுக்கானது. தூசி படிவது குறைபாடு ஆகாது என்பதால், சுத்தம் செய்வதற்குத் தனியாகக் கட்டணம் வாங்குவதே பொது வழக்கம். எனவே மூன்றில் எது என்று தீர்மானிப்பது பணத்தைவிட வாரண்டிதான்.

'திறந்தாலே வாரண்டி போய்விடும்' என்று கடைக்காரரிலிருந்து பக்கத்து வீட்டுப் பொறியியல் மாணவர் வரை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் வாரண்டி விதிகளை நிதானமாகப் படித்தால், பெரும்பாலானவை விலக்கி வைப்பது பயனராலோ அங்கீகாரம் இல்லாதவராலோ ஏற்பட்ட சேதத்தைத்தான் என்பது தெரியும். மூடியைக் கழற்றுவது வேறு, கழற்றும்போது ஒரு கேபிளை அறுத்துவிடுவது வேறு. டெல், எச்பி, லெனோவோ ஆகிய மூன்று நிறுவனங்களும் தங்கள் மாடல்கள் பலவற்றுக்கு, எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்பதுவரை படத்துடன் விளக்கும் பராமரிப்புக் கையேடுகளை யார் வேண்டுமானாலும் பதிவிறக்கும்படி வைத்திருக்கின்றன. பல திங்க்பேட் மாடல்களில் எஸ்எஸ்டி, ரேம் போன்றவை பயனரே மாற்றிக்கொள்ளக்கூடிய பாகங்கள் என்ற பட்டியலிலேயே வருகின்றன. அடிமூடியைத் திறக்காமல் அவற்றை எப்படி மாற்றுவது?

ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கும் 'பிரித்தால் வாரண்டி இல்லை' ஸ்டிக்கர் இன்னொரு குழப்பம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, இத்தகைய ஸ்டிக்கர்களும் வாசகங்களும் சட்டத்துக்கு ஒவ்வாதவையாக இருக்கலாம் என்று 2018இல் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தச் சட்டத்தை இங்கே சர்வீஸ் சென்டர் மேசையில் வைத்து வாதாட முடியாது. இந்தியாவில் நமக்கு இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளமும்தான். ஆகவே உங்கள் மடிக்கணினியில் அந்த ஸ்டிக்கர் இருந்தால், அதைக் கிழிக்கும் முன் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வாரண்டி என்ற கண்ணோட்டத்தில், மூன்று வழிகளில் கடைதான் பின்தங்குகிறது. கைத்திறமையைக் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க இதையே செய்பவர்களின் கை என் கையைவிட நிதானமானது. ஆனால் ஆறு மாதம் கழித்து மதர்போர்டு செத்துப்போய், உள்ளே ஒரு ஸ்க்ரூ குறைவதை சர்வீஸ் பொறியாளர் பார்த்தால், அதற்குக் கடை பொறுப்பேற்காது. நம்மிடமும் சரியான ரசீது இருக்காது. சர்வீஸ் சென்டரின் பெரும் பலம் அவர்கள் தரும் ஜாப் ஷீட்தான்: திறந்தது அவர்கள்தான் என்பதற்கு அவர்களே எழுதித் தந்த சாட்சி அது. கருவியைச் சில நாட்கள் அங்கேயே விட்டுவர முடியும் என்றால் அது நல்ல வழிதான். கொடுக்கும் முன் தரவுகளை வேறிடத்தில் நகலெடுத்து, விண்டோஸ் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நாமே திறப்பதாக இருந்தால், எதற்காகத் திறக்கிறோம் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வேகமாகச் சுழலும்போது காற்று இரைச்சல் மட்டும் கூடி, வெளியேறும் காற்று பலவீனமாக இருந்தால் அது பெரும்பாலும் தூசி. குறைந்த வேகத்திலேயே கரகரவென்று உரசும் சத்தம் வந்தால் அது ஃபேனின் சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்காக இருக்கக்கூடும். அது வாரண்டியில் மாற்றித் தர வேண்டிய பாகம். அந்த நிலையில் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே கூடாது, சத்தத்தைப் பதிவுசெய்துகொண்டு புகார் கொடுக்க வேண்டும்.

தூசிதான் என்று தெரிந்தால் வேலை சிறியது. திங்க்பேட்களில், கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று உள் பேட்டரியை முடக்கும் வசதி உண்டு. மற்றவற்றில் மூடியைத் திறந்தவுடன் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும். எச்பி மாடல்கள் சிலவற்றில் ஸ்க்ரூக்கள் ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும்; அதை உரித்தால் பசை பழையபடி ஒட்டாது, பார்த்தவுடனே தெரியும். நீளம் வேறுபடும் ஸ்க்ரூக்களை இடம் மாற்றிப் போடாமலிருக்க, ஒரு தாளில் அடிப்பாகத்தை வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டிவைப்பது என் வழக்கம். கிளிப்புகளை நெம்ப உலோகம் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். தூசி உண்மையில் அடைத்திருப்பது ஃபேன் இறக்கைகளில் அல்ல, ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் இடையில். அங்கே அது சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் கைப்பம்ப்பாலும் அதை வெளியே எடுக்க வேண்டும். பிடிக்காமல் காற்றடித்தால் ஃபேன் வரம்பு மீறிச் சுழன்று பேரிங் கெடக்கூடும். ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால், பின்னால் யார் கேட்டாலும் நம் பக்கமும் ஓர் ஆதாரம் இருக்கும்.

வாரண்டிக் காலத்தில் நான் இத்தோடு நிறுத்திக்கொள்வேன். பிராசசரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்ற ஹீட் சிங்க்கையே கழற்ற வேண்டும்; அங்கே பிராசசர் சேதமடைந்தால் அது பயனரால் வந்ததல்ல என்று யாரும் வாதிட முடியாது. இரண்டாம் ஆண்டில் அதற்கு அவசியம் வருவதும் குறைவு என்பது என் கருத்து, ஆனால் பல மணி நேரம் விளையாட்டுக்குப் பயன்படும் கணினிகளில் எனக்கு அனுபவம் குறைவு. விளையாட்டுக்கென்றே வரும் ஆசஸ் ராக் (ROG) வரிசையின் பல மாடல்களில் பேஸ்ட்டுக்குப் பதிலாக மின்சாரத்தைக் கடத்தும் திரவ உலோகம் இருக்கும். அவற்றில் ஹீட் சிங்க்கைக் கழற்ற வேண்டிய வேலை வந்தால், கட்டணம் எவ்வளவானாலும் ஜாப் ஷீட் வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டரில் கொடுப்பதையே பரிந்துரைப்பேன். மேக்புக்கை நான் திறந்ததில்லை. அதன் ஐந்து இதழ் ஸ்க்ரூவுக்குத் தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும் என்பதே, ஆப்பிளின் பாதுகாப்புத் திட்டமான ஆப்பிள்கேர் மிச்சமிருக்கும்வரை என்னைத் தள்ளி நிற்கவைக்கப் போதுமானது.