பழைய லப்டொப்புக்குப் புதுப் பற்றரி: கொம்பனிச் சாமானா, வெளிச் சாமானா?

மாசி மாதம் ஒரு பின்னேரம் அக்காவின் மகள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, டச்பாட் அமத்த வருதில்லை. தண்ணி ஒண்டும் படேல்லை." மூடி, மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒரு மூலை ஆடியது. அப்பவே விளங்கிவிட்டது. அடிப்பக்கத்து ஆணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினால், மூன்று செல்லில் நடுச் செல் எண்ணெயில் விழுந்த அப்பளம் போல உப்பி, டச்பாட்டைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருந்தது.

அது அந்த லப்டொப்பின் இரண்டாவது பற்றரி. வாங்கும்போது கூட வந்த பற்றரி ஐந்து வருஷம் உழைத்தது. அது போனபிறகு நகரில் ஒரு கடையில் "ஒரிஜினல்" என்று சொல்லித் தந்ததை வாங்கிப் போட்டோம். பதினாலாம் மாதம் இந்தக் கோலம். வாரண்டி ஆறு மாதம், அது எப்பவோ முடிந்துவிட்டது.

அதே கிழமை என்னுடைய லெனோவோ திங்பாட் டி420 லப்டொப்பின் பற்றரியும் இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்காமல் போனது. ஒரே நேரத்தில் இரண்டு பற்றரி தேட வேண்டி வந்தது. கடைசியில் அவளுடையதுக்குக் கொம்பனிப் பற்றரியும் என்னுடையதுக்கு வெளிப் பற்றரியும் போட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் "ஒரிஜினல்" என்ற சொல். எங்கள் கடைகளில் இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று சாமான் இருக்கிறது. லப்டொப் கொம்பனி தன் சேவை நிலையம் வழியாகத் தருவது ஒன்று. வேறொரு தயாரிப்பாளர் தன் பெயரைப் போட்டு, இந்த மொடலுக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்பது இன்னொன்று; வெளிச் சாமான் என்று நான் சொல்வது இதைத்தான். மூன்றாவது, யாரோ செய்த பற்றரியில் லப்டொப் கொம்பனியின் பெயரையும் முத்திரையையும் ஒட்டி வருவது. எங்களை ஏமாற்றியது இந்த மூன்றாவதுதான். இரண்டாவது வகையை நான் குறை சொல்ல மாட்டேன். தன் பெயரைப் போட்டு விற்கிறவனுக்கு அந்தப் பெயர் கெடக்கூடாது என்ற பயமாவது இருக்கும். அதனால் கடையில் "கொம்பனிச் சாமானோ?" என்று கேட்பதை விட, "இதை ஆர் செய்தது, பெயர் எங்க இருக்கு?" என்று கேளுங்கள்.

செல்லைப் பொறுத்தவரை, லப்டொப் கொம்பனிகளும் அதைத் தாங்கள் செய்வதில்லை. எல்ஜி, சாம்சுங் எஸ்டிஐ, பானசோனிக், ஏடிஎல் போன்றவர்கள் செய்கிறார்கள். சிம்ப்லோ, டைனாபாக் போன்ற தாய்வான் கொம்பனிகள் அவற்றைக் கட்டிப் பற்றரியாக்குகின்றன. கொம்பனிப் பற்றரிக்கு நாம் கூடக் கொடுக்கும் காசு மூன்று விஷயத்துக்கு: ஒரே தரமான செல்களைப் பொறுக்கிச் சேர்ப்பது, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, லப்டொப்போடு அது சரியாகக் கதைப்பது. வழமையான லிதியம் அயன் செல் ஒன்று 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, சூடு மிஞ்சினால் சார்ஜ் நிற்க வேண்டும். இதைக் கவனிக்கிற சின்னப் பலகையில்தான் மலிவுச் சாமான் செய்கிறவன் முதலில் கை வைக்கிறான். வெளியிலிருந்து அதைப் பார்க்க வழியில்லை.

கொம்பனிச் சாமான் பழுதாகாது என்று இல்லை. 2006 இல் சோனி செய்த செல்களால் டெல் 41 லட்சம் பற்றரிகளையும் அப்பிள் 18 லட்சத்தையும் திருப்பி எடுத்தன. 2019 இல் 15 அங்குல மக்புக் புரோ மொடல் ஒன்றின் பற்றரியை அப்பிள் திருப்பிக் கூப்பிட்டது. அந்த லப்டொப்போடு விமானம் ஏறவே சில விமான சேவைகள் விடவில்லை. ஆனால் அங்கே சீரியல் இலக்கத்தைப் பார்த்து, "உன்னுடையதில் ஆபத்து இருக்கிறது, கொண்டு வா" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். அக்காவின் மகளின் வீங்கிய பற்றரியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிக் கேட்க எனக்கு ஒரு முகவரிகூட இருக்கவில்லை. அந்தப் பற்றரியோடு பதினாலு மாதம் அவள் கட்டிலில் வைத்துப் படித்திருக்கிறாள்.

அவளுடையது உள்ளுக்குள் இருக்கும் பற்றரி. பை போன்ற மெல்லிய செல். அதைச் சுற்றி கெட்டியான கோது இல்லை. வீங்கினால் டச்பாட்டையும் கீபோர்ட்டையும் தள்ளும், ஊசி குத்தினால் தீப்பிடிக்கும். இந்த வகைக்குக் கொம்பனிப் பற்றரி என்பதில் நான் உறுதி. விலை இங்கே சொன்ன வெளிச் சாமானைப் போல இரண்டரை மடங்கு. அந்தக் காசுக்கு நல்ல சாமான்தான்.

எடுப்பது மட்டும் லேசில்லை. "அண்ணை, அது கொழும்பிலையிருந்து வரோணும், ரெண்டு கிழமை செல்லும்" என்று ஆரம்பிப்பார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதி வழியே 400 கிலோமீற்றர். லிதியம் பற்றரியைத் தனியாகப் பொதி செய்து அனுப்பப் பலர் விரும்புவதில்லை, அதற்குக் காரணமும் உண்டு: 2016 சித்திரை முதல் தனி லிதியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே தடை, சரக்கு விமானத்தில் போவதும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல் போக வேண்டும். கடைசியில் லண்டனிலிருந்து வந்த பெரியம்மாதான் கொண்டுவந்தா. உங்கள் வீட்டுக்கும் யாராவது வருகிறார்கள் என்றால் இதைச் சொல்லிவிடுங்கள்: உதிரிப் பற்றரி கைப்பையில் மட்டும், பெட்டிக்குள் போடவே கூடாது. 100 வாட் அவருக்குள் (லேபிளில் Wh) இருந்தால் விமான சேவையிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. சாதாரண லப்டொப் பற்றரி எல்லாம் அதற்குள்தான். முனைகளில் டேப் ஒட்ட வேண்டும். பெரியம்மா பற்றரியை ஒரு சட்டைக்குள் சுற்றி, சட்டையை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பலாலி வீதி வரைக்கும் வந்தா.

கொம்பனிப் பற்றரிக்கும் ஒரு பலவீனம் உண்டு. பழைய மொடலுக்கு அவர்களே புதிதாகச் செய்வதை நிறுத்தியிருப்பார்கள். உங்களுக்கு வருவது களஞ்சியத்தில் வருஷக்கணக்காகக் கிடந்ததாக இருக்கலாம். லிதியம் செல் பாவிக்காமல் இருந்தாலும் வயது போகும். 40 பாகைச் சூட்டில் முழுச் சார்ஜோடு ஒரு வருஷம் கிடந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விடும். 25 பாகையில் அரைச் சார்ஜோடு கிடந்தால் இழப்பு மிகச் சிறிது. சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கூரைக் கடைகளுக்குள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே விலை கேட்கும் முன்பு லேபிளில் செய்த திகதியைப் பாருங்கள். நாலு வருஷத்துக்கு முன்பு செய்த கொம்பனிப் பற்றரிக்கு நான் காசு கொடுக்க மாட்டேன், முத்திரை என்ன சுத்தமாக இருந்தாலும் சரி.

இனி என் டி420. இதன் பற்றரி பின்பக்கம் கொளுவுகிற வகை. ஒரு கையால் இழுத்துக் கழற்றலாம். உள்ளே இருப்பது 18650 எனும் உருளைச் செல், 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், இரும்புக் கோது. ஏதாவது பிழைத்தாலும் லப்டொப்பின் வயிற்றுக்குள் இல்லை. இந்த லப்டொப் 2011 இல் வந்தது. கொம்பனியிடமிருந்து புதுப் பற்றரி எதிர்பார்ப்பது வீண். இப்படியானதுக்கு வெளிச் சாமான்தான் சரி, ஆனால் பொறுக்கி வாங்க வேண்டும்.

பொறுக்குவதற்கு நான் நம்புவது ஒரு கணக்கும் ஒரு தராசும். சாதாரணமாகக் கிடைக்கும் 18650 செல் ஒன்று தரக்கூடிய உச்சம் ஏறக்குறைய 3500 மில்லி அம்பியர் அவர் (லேபிளில் mAh). ஆறு செல் பற்றரியில் இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து மூன்று சோடி வரிசையில் இருக்கும். வரிசை வோல்ட்டை மட்டும் கூட்டும், mAh கணக்கு ஒரு சோடியினதுதான். அப்படியென்றால் முழுப் பற்றரி 7000 ஐத் தாண்டுவது கஷ்டம். நேர்மையான லேபிளில் 4400 அல்லது 5200 என்றுதான் இருக்கும். ஒரு கடையில் ஆறு செல் பற்றரியில் 9000 என்று அச்சடித்திருந்தது. தம்பி அதைப் பெருமையாகக் காட்டினார். ஒரு செல்லுக்கு 4500 வருகிறது என்று பேப்பரில் எழுதிக் காட்டினேன். "எனக்கு இது தெரியாதண்ணை, பெட்டியில இருக்கிறதைத்தான் சொல்றன்" என்றார். அவரில் பிழையில்லை. அவருக்கும் அப்படித்தான் விற்றிருக்கிறார்கள்.

அப்புறம் தராசு. நல்ல 18650 செல் ஒன்று 45 கிராம் வரை இருக்கும். ஆறு செல் என்றால் செல் மட்டும் 270. கோதும் பலகையும் சேர 300 ஐத் தாண்ட வேண்டும். இரண்டாவது கடையில் கேட்டபோது பக்கத்துப் பலசரக்குக் கடையின் தராசில் வைத்துப் பார்க்க விட்டார்கள். ஒன்று 236 கிராம், இன்னொன்று 318. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. நான் 318 ஐ எடுத்தேன். அதில் செய்தவரின் பெயரும், 10.8 வோல்ட், 5200 என்ற இலக்கமும் இருந்தது. கடைக்காரர் ஒரு வருஷ வாரண்டியைப் பில்லில் தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டார். இங்கேயே, சைக்கிளில் போய்க் கேட்கக்கூடிய தூரத்தில் ஒரு கையெழுத்து இருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஒன்று கவனம். இதே திங்பாட்டில் 2012 இல் வந்த டி430, எக்ஸ்230 முதல் லெனோவோ பற்றரியின் சிப்பைச் சோதிக்கத் தொடங்கியது. தனக்குத் தெரியாத பற்றரியை லப்டொப் சார்ஜ் பண்ணாது. வாங்க முன்பு லப்டொப்பையும் கடைக்குக் கொண்டுபோய், அங்கேயே கொளுவி, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பற்றரிரிப்போர்ட் என்று (powercfg /batteryreport) கொடுத்தால் ஓர் அறிக்கை வரும். அதில் வடிவமைத்த கொள்ளளவும் இப்போது முழுதாக நிரம்பும் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வீங்கிய பற்றரியில் இந்த இரண்டும் ஓர் இலக்கம்கூட மாறாமல் ஒன்றாகவே நின்றது. பதினாலு மாதம் பாவித்த பற்றரி அப்படி இருக்க முடியாது. அதன் சிப் எதையும் அளக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதை நான் முதல் மாதமே பார்த்திருக்க வேண்டும்.

இப்போதைய நிலை இது. என்னுடைய வெளிப் பற்றரி ஒன்பது மாதத்தில் 56 வாட் அவரிலிருந்து 51 க்கு வந்திருக்கிறது. முதல் கிழமைகளில் 22 வீதம் காட்டிக்கொண்டே பட்டென்று நின்றுவிடும். இரண்டு தரம் முழுதாக இறக்கி முழுதாக ஏற்றியபின் 8 வீதம் வரை நம்பலாம். 80 வீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வைத்திருக்கிறேன். அவளுடைய கொம்பனிப் பற்றரி 41 இல் தொடங்கி 39 இல் நிற்கிறது, 5 வீதம் என்றால் 5 வீதம்தான். கரண்ட் போனாலும் விரிவுரைக் குறிப்பைச் சேமிக்க அவகாசம் கிடைக்கிறது என்கிறாள். 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

பழைய பற்றரிக்குள் செல்லை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். உருளைச் செல் என்றால், ஈயம் உருக்கி ஒட்டாமல் ஸ்பொட் வெல்டிங் (மின்சாரத்தால் புள்ளியாக ஒட்டுவது) செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். பைச் செல்லில் வேண்டவே வேண்டாம்.

வீங்கிய பற்றரியைக் குத்தாமல், அமத்தாமல் கழற்றி, முனையில் டேப் ஒட்டி, மண் நிரப்பிய பழைய தகர வாளிக்குள் வைத்து வளவில் கிணற்றடிக்குத் தள்ளி, மழை படாத பத்தியில் வைத்தேன். பிறகு பழைய பற்றரி எடுக்கிற ஓரிடத்தில் கொடுத்தேன். வளவுக் குப்பையோடும் காய்ந்த பனையோலையோடும் சேர்த்து இதைக் கொளுத்திவிடாதீர்கள். வெடிக்கும், புகையும் நஞ்சு. எங்கள் வீடுகளில் பின்னேரம் குப்பைக்கு நெருப்பு வைக்கும்போது சின்னப் பிள்ளைகள்தான் பக்கத்தில் நிற்பார்கள்.