தண்ணீரில் மூழ்கிய 540 மோட்டார்: கழுவி மாட்டினால் எவ்வளவு உழைக்கும்?

ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) காரின் பிரஷ் மோட்டாரைத் தண்ணீர் உடனே கொல்லாது. புது மோட்டாருக்கு 3 வோல்ட் கொடுத்து, தண்ணீர்க் கிண்ணத்துக்குள் ஓடவிட்டே பிரஷைப் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் தரும் கார்பன் கட்டை) படிய வைப்பவர்கள் உண்டு. நனைந்த காரை மேலே மட்டும் துடைத்துவிட்டு அலமாரியில் வைக்கிறோமே, அப்போது உள்ளே தங்கும் ஈரம்தான் கொல்கிறது. பெட்டியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருப்பதை நம்பி இருந்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று), சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் கருவி), ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி) ஆகியவற்றைத்தான் குறிக்கும். மோட்டார் காற்றுத் துளைகளோடு திறந்தேதான் இருக்கிறது.

இங்கே சொல்வது வெள்ளி நிற டப்பாவில் வரும் சாதாரண 540 பற்றி: 36 மி.மீ. விட்டம், 3.17 மி.மீ. தண்டு. 1984-இல் வந்த தமியா ஹார்னெட் ஆர்.சி. காரிலும் இந்த அளவு மோட்டார்தான். உள்ளே மூன்று துருவ ஆர்மேச்சரும் (காயில் சுற்றிய சுழலும் பாகம்) இரண்டு ஃபெரைட் காந்தங்களும் இருக்கும். ஆர்மேச்சரின் இரும்புத் தகடுகளுக்கும் காந்தத்துக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. துரு வீங்கினால் முதலில் உரசுவது அங்கேதான்.

நனைந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள். 1.5 மி.மீ. அலன் கீயால் பினியனை (தண்டிலுள்ள சிறிய பல்சக்கரம்) தளர்த்தி, மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு எம்3 (3 மி.மீ.) திருகுகளையும் எடுத்தால் மோட்டார் கையில் வந்துவிடும். சேறோ கடல் நீரோ பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பை ஆல்கஹால் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். இந்த வரிசையை மாற்றினால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை 50 மி.லி. அளவு ஒரு டப்பாவில் ஊற்றி, மோட்டாரை மூழ்கவைத்து, தண்டைக் கையால் சுற்றுங்கள். கரியாக வரும் கழிவைக் கொட்டிவிட்டுப் புதிதாக 50 மி.லி. ஊற்றுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யலாம். தின்னரும் அசிட்டோனும் வேண்டாம். பிளாஸ்டிக் மூடியையும் காயில் கம்பியின் இனாமலையும் அவை கெடுக்கும்.

அரிசி டப்பாவில் புதைப்பதால் பயனில்லை, மாவுத்தூள்தான் உள்ளே போகும். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். ஆல்கஹால் வாடை துளியும் இல்லாமல் போகும்வரை மின்சாரம் கொடுக்கவே கூடாது. பிரஷில் பொறி பறக்கும், அந்த ஆவி தீப்பிடிக்கும்.

காய்ந்ததும் தண்டை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நல்ல மோட்டார் ஒரு சுற்றுக்கு ஆறு இடங்களில் காந்தம் பிடித்து விடுவதைக் காட்டும், நடுவில் வழுவழுப்பாக இருக்கும். மணல் அரைவது போல நறநறத்தால் துரு இருக்கிறது என்று பொருள். மல்டிமீட்டரில் மோட்டார் முனைக்கும் டப்பாவுக்கும் இடையே தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் இஎஸ்சியில் மாட்டவே வேண்டாம், அதுவும் சேர்ந்து போய்விடும். காயிலின் தடை ஓர் ஓமுக்கும் மிகக் குறைவு என்பதால் சாதாரண மீட்டர் காட்டும் அந்த எண்ணை நம்ப முடியாது.

நறநறப்பு இருந்தால் மட்டும் மோட்டாரைத் திறந்து பாருங்கள். டப்பாவின் மடிப்பை நிமிர்த்தும் முன் மூடிக்கும் டப்பாவுக்கும் குறுக்கே மார்க்கர் கோடு போடுங்கள். மூடி திரும்பி உட்கார்ந்தால் டைமிங் (காயிலுக்கு மின்சாரம் மாறும் நேரம்) மாறி, ஒரு திசையில் மட்டும் சூடேறும். தண்டிலுள்ள வாஷர்கள் எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் உரசும் உருளையான கம்யூட்டேட்டர் மூன்று செம்புத் துண்டுகளாக இருக்கும். பச்சைப் படலத்தை 1000 கிரிட் உப்புத்தாளால், சுற்றுவாட்டில் லேசாகத் தேய்த்தால் போதும். துண்டுகளுக்கு நடுவே உள்ள மூன்று பள்ளங்களையும் மரப் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். கார்பனும் எண்ணெயும் குழைந்து அங்கே மையாக உறைந்திருக்கும். அதுதான் துண்டுகளை ஷார்ட் ஆக்கி மோட்டாரைக் கொதிக்க வைக்கிறது. துருநீக்கி ஸ்பிரேயை அடித்துவிட்டுக் கழுவாமல் விட்டாலும் இதேதான் நடக்கும். காந்தத்தில் ஒட்டிய இரும்புத் துகள்களை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்கலாம். திரும்ப மூடும்போது பேப்பர் கிளிப்பை வளைத்து, மூடியின் துளை வழியாக பிரஷ் கைகளை விலக்கிப் பிடிக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். அவசரப்பட்டால் பிரஷ் உடையும்.

தண்டைத் தாங்கும் இரண்டு புஷ்ஷிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். ‘104’ என்று போட்ட சிறிய கெப்பாசிட்டர்களின் கால் துருப்பிடித்து அறுந்திருந்தால் புதிதாக ஈயம் வையுங்கள். இல்லாவிட்டால் ரிசீவர் தடுமாறும். பிறகு 3 வோல்ட்டில் மூன்று நிமிடம் சுமையில்லாமல் ஓட்டிப் பாருங்கள். ஒலி சீராக இருந்து, டப்பா வெதுவெதுப்பைத் தாண்டாமல் இருந்தால் காரில் மாட்டலாம்.

நீண்ட நாள் உழைப்பு என்று பார்த்தால், நல்ல தண்ணீரில் நனைந்து அன்றே கழுவப்பட்டது கிட்டத்தட்டப் பழைய ஆயுளோடு ஓடும். சேற்றுத் தண்ணீர் குடித்ததில் பிரஷ் சீக்கிரம் தேயும். கடல் நீர் பட்டதில் கழுவினாலும் புஷ் சீக்கிரம் தளர்ந்து தண்டு ஆடத் தொடங்கலாம். அப்புறம் பினியன், அதோடு சேர்ந்து சுழலும் பெரிய ஸ்பர் கியரின் பல்லைத் தின்னும். தண்டை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் தெரிந்தால், இந்த வகை மோட்டாரில் புஷ் மாற்ற மெனக்கெட வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள். சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாத) மோட்டாராக இருந்தால் இத்தனை பாடு கிடையாது. கழுவி உலர்த்தி, கரகரக்கும் இரண்டு பேரிங்குகளை மாற்றினால் வேலை முடிந்தது.