.எத் பெயரை எங்கிருந்து படிப்பது: பொதுச் சப்கிராஃபா, நேரடிக் கான்ட்ராக்டா, சொந்த இண்டெக்ஸரா?

எங்கள் எத்தீரியம் வாலட்டில் பணம் அனுப்பும் பெட்டிக்குள் 42 எழுத்து முகவரியை ஒட்டத் தேவையில்லை. பெறுபவரின் .எத் பெயரைத் தட்டினால் போதும், முகவரி தானாக வந்து உட்காரும். அது எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் இரண்டு வருடம் கவலைப்படவே இல்லை. இந்தப் பெயர்களை நடத்தும் இஎன்எஸ் (எத்தீரியம் நேம் சர்வீஸ்) அமைப்பின் அடுத்த பதிப்பான வி2 பற்றிய பேச்சு சூடுபிடித்தபோதுதான் குறியீட்டைத் திறந்து பார்த்து, சில மாதங்களுக்கு முன் வழியை மாற்றினோம். அந்தச் சூட்டோடு எழுதுவதால் இது நடுநிலையான அலசல் இல்லை. நான் நேரடிக் கான்ட்ராக்ட் பக்கம்.

வழிகள் மூன்று. முதலாவது, எல்லோரும் கேட்கும் இஎன்எஸ் சப்கிராஃப்: பிளாக்செயினில் பதிவாவதைப் படித்து, தேடும்படி அடுக்கி வைக்கும் பொதுத் தகவல் தளம். இரண்டாவது, எத்தீரியம் நோடிடமே (வலையமைப்பில் உள்ள கணினியிடம்) இஎன்எஸ் கான்ட்ராக்டை, அதாவது பிளாக்செயினில் ஓடும் நிரலை, படிக்கச் சொல்வது. மூன்றாவது, அதே அடுக்கும் வேலையைச் செய்யும் இஎன்எஸ்நோட் போன்ற இண்டெக்ஸர் ஒன்றை நம் சர்வரில் நாமே ஓட்டுவது.

வேகமும் செலவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சப்கிராஃப் ஒரே குவெரியில் (தேடல் கேள்வியில்) நூறு பெயர் தரும். நேரடி வழியில் பெயருக்கு ஒரு அழைப்பு. மல்டிகால் போட்டுக் கட்டாக அனுப்பலாம். சொந்த இண்டெக்ஸருக்கு மாதாமாதம் சர்வர் வாடகை. சிறிய செயலிக்கு இவை எதுவும் முடிவைத் தீர்மானிக்காது.

சப்கிராஃபை ஏன் இத்தனை பேர் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பெயர்களைப் பதிந்து வைக்கும் மையக் கான்ட்ராக்டான இஎன்எஸ் ரெஜிஸ்ட்ரியில் பெயரின் எழுத்துகளே கிடையாது. பெயரைத் திரும்ப ஒட்ட முடியாதபடி பொடியாக்கிய 32 பைட் ஹாஷ் மட்டும்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு "இந்த முகவரியிடம் என்னென்ன பெயர்கள் உள்ளன?" என்று கான்ட்ராக்டிடம் கேட்டால் பதில் வராது. 2017 முதல் கான்ட்ராக்ட்கள் எழுதிய நிகழ்வுப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, தெரிந்த சொற்களின் ஹாஷ் அட்டவணையோடு ஒப்பிட்டு, பெயர்ப் பட்டியலைத் தைத்துக் கொடுப்பது சப்கிராஃப்தான். அட்டவணையில் இல்லாத சொல் என்றால், சதுர அடைப்புக்குள் 64 எழுத்து ஹாஷ் அப்படியே வரும். அதைத் திரையில் பார்த்த பயனர் ஒருவர் வைரஸ் என்று நினைத்துச் செயலியையே நீக்கிவிட்டார்.

ஆனால் மேம்படுத்தல் நாளில் என்ன ஆகும்? என் முடிவு நின்றது இந்த ஒரு கேள்வியில்தான்.

2020 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். பெயரை விற்றவரே பிறகு அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள வழிவிடும் பிழை ஒன்று ரெஜிஸ்ட்ரியில் தெரியவந்தது. அதனால் புதிய ரெஜிஸ்ட்ரிக்குக் குடிபெயர்ந்தார்கள். பிளாக்செயினில் போட்ட கான்ட்ராக்டைப் பிடுங்கி எறிய முடியாதே! பழையது அங்கேயே நின்றது, கேட்டவர்களுக்குப் பதிலும் சொன்னது. பழைய முகவரியைக் குறியீட்டில் ஆணியடித்து வைத்திருந்தவர்களுக்கு எந்தப் பிழைச் செய்தியும் வந்திருக்காது, பழைய தகவல்தான் வந்திருக்கும். சப்கிராஃபின் டொமைன் பட்டியலில் 'குடிபெயர்ந்ததா' என்று ஒரு புலம் இன்றும் உண்டு. அது அந்தக் காலத்துத் தழும்பு.

2023இல் நேம் ரேப்பர் (பெயரை உறைபோலச் சுற்றி வைக்கும் கான்ட்ராக்ட்) வந்தபோது வேறு விதமான சிக்கல். ஒரு பெயரை அதற்குள் சுற்றினால், ரெஜிஸ்ட்ரியைப் பொறுத்தவரை அதன் உரிமையாளர் ரேப்பர் கான்ட்ராக்ட்தான். சப்கிராஃபில் உண்மையான உரிமையாளருக்கென்று தனிப் புலம் சேர்த்தார்கள். பழைய புலத்தையே படித்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்தில், சம்பந்தமில்லாத பத்துப் பேரின் பெயர்களுக்கும் ஒரே முகவரி உரிமையாளராகத் தெரிந்தது. அப்போதும் எங்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

2024இல் அறிவித்த வி2 வடிவமைப்பில் ஒவ்வொரு பெயரும் தனக்கென ஒரு ரெஜிஸ்ட்ரி வைத்துக்கொள்ளலாம். நாலைந்து கான்ட்ராக்ட்களைக் கவனித்தால் போதும் என்ற பழைய கணக்கு இனி செல்லாது. இண்டெக்ஸர் எழுதுபவர் அடித்தளத்திலிருந்து மாற்றி எழுத வேண்டும். எழுதி முடித்தபின் அந்த வடிவத்துக்கு நம் குவெரிகளை நாம் மாற்ற வேண்டும். நடுவில் உள்ள நாட்களில் பதில் வந்துகொண்டேதான் இருக்கும். என் பயமே அந்த நாட்களைப் பற்றித்தான்.

எங்களுக்கே ஒரு முறை அனுபவம். நாங்கள் பணம் கட்டிப் பயன்படுத்திய ஒரு இண்டெக்ஸிங் சேவை ஒரு மாலை நேரத்தில் நின்றுவிட்டது. சர்வர் விழவில்லை, பதில் 200, அதாவது 'எல்லாம் சரி', என்றே வந்தது. குவெரியில் 'மெட்டா' (எதுவரை படித்தது என்ற விவரம்) கேட்டுப் பார்த்தபோதுதான் பிளாக் எண் மூன்று மணி நேரமாக ஒரே இடத்தில் நிற்பது தெரிந்தது. அந்த இடைவெளியில் ஒருவர் தன் பெயரின் முகவரியை மாற்றியிருந்தார். எங்கள் பெட்டி பழைய முகவரியையே காட்டியது. அனுப்ப இருந்தவர் கடைசி நான்கு எழுத்தைச் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவர், அதனால் பிழைத்தோம்.

நேரடி வழியில் இதற்கு விடை யூனிவர்சல் ரிசால்வர்: பெயரைக் கொடுத்தால் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் இஎன்எஸ் கான்ட்ராக்ட். அதன் முகவரி ஆங்கில 'இ' வரிசையாகவே தொடங்கி 'இ' வரிசையாகவே முடியும், கண்ணில் பட்டால் மறக்காது. அது ஒரு ப்ராக்ஸி. வாசல் மாறாது, உள்ளே இருப்பதை இஎன்எஸ் டாவோ (இஎன்எஸ்ஸை வாக்கெடுப்பால் நிர்வகிக்கும் அமைப்பு) மாற்றிக்கொள்ளலாம். வியெம் போன்ற லைப்ரரிகள் இதன் வழியாகத்தான் பெயரைத் தீர்க்கின்றன. அதனால் எங்கள் பக்கத்து வேலை லைப்ரரிப் பதிப்பை ஏற்றுவதோடு முடிந்தது. பதில் கிடைக்காவிட்டால் பிழையாகத் திரும்பும், பெட்டி காலியாக நிற்கும், பணம் போகாது. சங்கிலிக்கு வெளியே வாழும் பெயர்களையும் இது தீர்க்கும். மெயின்நெட் (எத்தீரியத்தின் முதன்மைச் சங்கிலி) நிகழ்வுகளை மட்டும் படிக்கும் சப்கிராஃபின் கண்ணுக்கு அவை படுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு முகவரிக்குப் பெயர் காட்டும்போது, அந்த முகவரியைச் சுட்டும் ஏதோ ஒரு பெயரைச் சப்கிராஃபிலிருந்து எடுத்துப் போடுவது பலர் செய்யும் தவறு. நாங்களும் செய்தோம். யார் வேண்டுமானாலும் தன் பெயரை உங்கள் முகவரிக்குச் சுட்டிவிடலாம். அந்தக் கணக்கில் நீங்கள் 'திருடன்.எத்' ஆகிவிடுவீர்கள். முகவரியின் உரிமையாளர் தானே வைத்துக்கொண்ட முதன்மைப் பெயரை ரிசால்வர் இரு பக்கமும் சரிபார்த்துத் தரும்.

நேரடி என்றால் யாரையும் நம்பத் தேவையில்லை என்று அர்த்தமில்லை. நம் கேள்வியை வாங்கிப் பதில் தரும் ஆர்பிசி நோடும் பொதுக் குழாய்தான். 2020 நவம்பர் 11 அன்று அப்படி நோட் சேவை தரும் இன்ஃபியூராவின் நோட்கள் கெத் என்ற நோட் மென்பொருளின் பழைய பதிப்பில் இருந்ததால் வேறு கிளையில் மாட்டிக்கொண்டன; பல வாலட்களும் பரிமாற்றகங்களும் தடுமாறின. அதனால் இரண்டு நிறுவனங்களிடம் ஆர்பிசி வாங்கி, அனுப்பும் தருணத்தில் இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். கொஞ்சம் மெதுவாகிறது, சரி.

சொந்த இண்டெக்ஸரைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. இஎன்எஸ்நோடை இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். பழைய சப்கிராஃப் குவெரிகளை அப்படியே ஏற்றுக்கொண்டது பெரிய நிம்மதி. ஆனால் அதோடு ஒரு மேம்படுத்தலைக்கூட நான் கடந்ததில்லை. இரவு இரண்டு மணிக்கு அது நின்றால் எழுந்து பார்க்க வேண்டியது நான்தான் என்ற கணக்கும் உண்டு. பெயர் வாங்கி விற்கும் சந்தை நடத்துபவர்களுக்கு இந்த வழிதான் சரிப்படும் என்று தோன்றுகிறது.

அனுப்பும் பெட்டியும் பெயர் காட்டும் இடங்களும் இப்போது நேரடி. 'என் பெயர்கள்' பட்டியல் மட்டும் இன்னும் சப்கிராஃபில். அதன் தலையில் கடைசியாகப் படித்த பிளாக் எண்ணைக் காட்டுகிறோம். 50 பிளாக், அதாவது பத்து நிமிடம் பின்தங்கினால் பட்டியல் சாம்பல் நிறமாகி, பெயரின் காலத்தை நீட்டிக்கும் பொத்தான் பூட்டிக்கொள்ளும். அது ஏன் சாம்பலாகிறது என்று வாரத்துக்கு ஒருவராவது எழுதிக் கேட்கிறார்கள்.