பிரிந்தவர் கூடினால் டிக்கெட் எடுக்கலாமா?

அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். 2026 ஜனவரி 23, பெங்களூருவில் லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் பேண்டின் கச்சேரி. இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தானாம், கூட வருவதாகச் சொன்ன நண்பனுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, "மாமா, நீங்க வர்றீங்களா?" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. உடைந்து, வருடக்கணக்கில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்து, அப்புறம் திரும்பச் சேர்ந்த ராக் பேண்டுகளைப் பார்க்கப் போய், கண் கலங்கியும் திரும்பியிருக்கிறேன், பஸ்ஸில் ஒன்றும் பேசாமலும் திரும்பியிருக்கிறேன். வயது 48, முட்டி முன்புபோல் இல்லை, ஐந்தாறு மணி நேரம் நிற்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு நியாயம் வேண்டாமா? அதனால் எந்த மாதிரி கூடுதலுக்குப் போகலாம், எதை வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் கன்ஸ் என் ரோசஸ். ஒரே பேண்டை இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறேன், ஒப்பிட இதைவிட நல்ல கேஸ் எனக்குக் கிடைக்காது. 90களில் சென்னையில் எந்தக் கல்லூரி கல்சுரல்ஸுக்குப் போனாலும் மேடையேறும் பேண்டில் ஒருவனாவது அதன் பாடகர் ஆக்ஸல் ரோஸ் மாதிரி தலையில் கைக்குட்டை கட்டியிருப்பான். எங்கள் ஹாஸ்டலில் ஒரே கேசட் பத்து அறைக்குச் சுற்றி வரும், நாடா சிக்கினால் ரெனால்ட்ஸ் பேனாவை விட்டுச் சுற்றிச் சரிசெய்வோம். இவர்களை ஒருநாள் நேரில் பார்ப்போம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, 1996இல் கிட்டார்காரர் ஸ்லாஷ் போய்விட்டார். அடுத்த வருடம் பேஸ் கிட்டார் வாசித்த டஃப் மெக்கேகனும் போனார். பெயர் மட்டும் ஆக்ஸல் ரோஸிடம் இருந்தது.

அந்தப் பெயர் 2012 டிசம்பர் 7ஆம் தேதி பெங்களூருக்கு வந்தது. போனோம், நாலு பேர். ஆக்ஸல் இருந்தார், 1990இல் சேர்ந்த கீபோர்டுக்காரர் டிஸ்ஸி ரீட் இருந்தார், மற்றவர்கள் பிறகு வந்தவர்கள். மேடையில் மூன்று கிட்டார். ஒருவர் விட்டுப்போன இடத்தை மூன்று பேர் அடைத்துக்கொண்டு நின்றார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மூவருமே பெரிய கைகாரர்கள், அதில் சந்தேகமே வேண்டாம், கேசட்டில் கேட்ட சோலோ, அதாவது கிட்டார் தனியாக வாசிக்கும் பகுதி, ஒன்றுகூடப் பிசகவில்லை. பிசகாததுதான் பிரச்சினையோ என்னவோ. பரீட்சையில் நன்றாகப் படித்துவிட்டு வந்த பையன் எழுதுவதுபோல இருந்தது. சென்னைக்குத் திரும்பும் ராத்திரி பஸ்ஸில் "நல்லா இருந்துச்சுல்ல?" என்று ஒருவன் கேட்டான். மூன்று பேரும் "ம்" என்றோம்.

அதே 2012இல்தான், பழைய ஆட்கள் மறுபடி சேர்வார்களா என்று கேட்டதற்கு இந்த ஜென்மத்தில் நடக்காது என்கிற மாதிரி ஆக்ஸல் பதில் சொன்னார். 2016இல் ஸ்லாஷும் டஃபும் திரும்பி வந்தபோது சுற்றுப்பயணத்துக்கு அந்தப் பதிலையே பெயராக வைத்தார்கள், குசும்பைப் பாருங்கள். ஆரம்பமே அமர்க்களம். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன கிளப்பில் நடந்த முதல் கச்சேரியில் ஆக்ஸல் காலை உடைத்துக்கொண்டார். அடுத்த சில கச்சேரிகளில், முன்பு காலை உடைத்துக்கொண்ட ஃபூ ஃபைட்டர்ஸ் பேண்டின் பாடகர் டேவ் க்ரோல் தனக்காகச் செய்து வைத்திருந்த சிம்மாசனத்தை இரவல் வாங்கி, அதில் உட்கார்ந்தே பாடினார். 2019 வரை ஓடிய அந்தச் சுற்று 58 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. அப்படியானால் காசுக்காகத்தான் சேர்ந்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. சரி, இருக்கட்டுமே, சம்பளம் வாங்காமல் யார் வேலைக்குப் போகிறார்கள்?

2025 மே 17, மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸ். பெங்களூருக்கு வந்த நாலு பேரில் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். மே மாத மும்பைப் புழுக்கம், சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது, முட்டியில் பட்டை கட்டியிருந்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன், ஆக்ஸலின் குரல் 2012இல் இதைவிட நன்றாக இருந்தது. உச்சத்துக்குப் போக வேண்டிய இடங்களில் இப்போது மெலிந்துபோகிறது, சில வரிகளில் கூட்டம்தான் அவரைத் தாங்கிப் பிடித்தது. குரலுக்குத்தான் மார்க் என்றால் பெங்களூருதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் பெங்களூரு இதன் கிட்ட வரவே வராது.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்லாஷ் சோலோ வாசிக்கும்போது ஒரு சுரத்தை வளைத்துப் பிடித்து, விட வேண்டிய நேரத்தில் விடாமல் கூடக் கொஞ்சம் இழுப்பார். ஆக்ஸல் அடுத்த வரியை எடுக்கத் தயாராக மைக்கைப் பிடித்து நிற்பார், ஸ்லாஷ் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பார், இவர் காத்திருப்பார், அவர் விட்டதும் அந்த இடத்திலிருந்து இவர் எடுப்பார். நம்மூர்க் கச்சேரியில் பாடுகிறவரும் வயலின்காரரும் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்துக்கொள்வார்களே, அது மாதிரி, ஆனால் இவர்கள் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. 2012இல் மூன்று பேரும் கேசட்டில் இருந்த சோலோவை வாசித்தார்கள், இவர் ஆக்ஸலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் என் மாதிரி ஆட்கள் சென்னையிலிருந்து கிளம்பிப் போகிறோம் என்று அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது.

குறையும் உண்டு. பழைய இன்னொரு கிட்டார்காரர் இசி ஸ்ட்ராட்லின் இல்லை, அவர் எழுதிய பாட்டுகள் மட்டும் உண்டு. அடுத்தவர் பாட்டுகளை அதிகம் வாசிக்கிறார்கள், அந்த நேரத்தில் தண்ணீர் வாங்கப் போகலாம் (போனேன், வரிசை நகர்வதற்குள் இரண்டு பாட்டு போச்சு). ஒன்பது வருடமாகச் சேர்ந்திருந்தும் புது ஆல்பம் என்று ஒன்று வரவில்லை, அவ்வப்போது ஒற்றைப் பாட்டாக விட்டதில் பலவும் பழைய சரக்கைத் தூசி தட்டியது. ஆனால் கச்சேரி ரொம்ப நீளம், கொடுத்த காசு வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து இங்கிலாந்து பேண்டான ஒயாசிஸ். இதை நான் நேரில் பார்க்கவில்லை. லண்டனில் இருக்கும் கல்லூரி நண்பன் வெம்ப்ளியில் பார்த்துவிட்டு ஒன்றரை மணி நேரம் போனில் அழுதான், சிரித்தான். 2009 ஆகஸ்ட் 28, பாரிஸில் மேடை ஏறுவதற்கு முன்னால் அண்ணன் நோயலும் தம்பி லியமும் சண்டை போட்டுப் பிரிந்ததும், சரியாக 15 வருடம் ஆகிற நேரத்தில் 2024 ஆகஸ்ட் 27இல் சேர்கிறோம் என்று அறிவித்ததும் தெரிந்த கதை. டிக்கெட் விற்ற விதம்தான் அசிங்கமாகிப்போனது. மணிக்கணக்கில் ஆன்லைன் வரிசையில் காத்திருந்தவர்களுக்கு, 150 பவுண்டு போல என்று நினைத்திருந்த நிற்கும் டிக்கெட், முறை வந்தபோது 350 பவுண்டைத் தாண்டியிருந்தது. ஓலா, ஊபரில் மழை நாளில் விலை ஏறுமே, அது மாதிரிதான் வரிசையில் நின்றவர்களுக்குத் தோன்றியது. கூடி வருவதற்கு 15 வருடம் காத்திருந்தவனிடமே இதைச் செய்தால் வயிறு எரியாதா?

ஆனால் 2025 ஜூலை 4, கார்டிஃபில் நோயலும் லியமும் கையைக் கோர்த்துத் தூக்கியபடி மேடைக்கு வந்த படம் வந்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள், நானும்தான். மொத்தம் 41 கச்சேரி, நவம்பர் 23 சாவ் பாவ்லோவோடு முடித்தார்கள். ஆசியாவில் சியோலும் டோக்கியோவும் மட்டும்தான், நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் அதே 23 பாட்டு, ஏறக்குறைய எல்லாமே 1994 முதல் 1997 வரை வந்தவை, அதற்குப் பிறகு வந்ததில் ஒன்றே ஒன்று. பிறந்தநாள் கேக் மாதிரி, எங்கே வெட்டினாலும் க்ரீம்.

நண்பனிடம் கேட்டேன், இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களா என்று. "எங்கடா, ஒரு வார்த்தை இல்லை, பாட்டு முடிஞ்சதும் ஒரு கட்டிப்பிடி, அவ்வளவுதான்" என்றான். நடுவில் நோயல் தனியாகப் பாடும் பகுதியில் லியம் உள்ளே போய்விடுவார். ஆனால் நண்பனுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. ஒரு பாட்டில் லியம் சொல்லி அத்தனை பேரும் மேடைக்கு முதுகைக் காட்டி, பக்கத்தில் இருப்பவர் தோளில் கை போட்டுக் குதிக்க வேண்டும். "அவ்ளோ காசு கொடுத்து உள்ள போய், மேடைக்கு முதுகைக் காட்டிக் குதிச்சேன்டா, பக்கத்துல யாருன்னே தெரியாத ஒரு வெள்ளைக்காரர், அறுபது வயசு இருக்கும், அவர் அழுதாரு" என்றான். இதில்தான் ஒயாசிஸுக்கும் கன்ஸுக்கும் வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. கன்ஸ் கச்சேரியில் பார்க்க வேண்டியது மேடையில் நடப்பது, ஒயாசிஸ் கச்சேரியில் மேடைக்குக் கீழே நடப்பது. அது கல்யாண வீடு, அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள், ஊரே கூடிப் பாடுகிறது. ஆனால் ஊர்க்காரனாக இருந்தால்தான் அந்தச் சுகம். சின்ன வயதில் அந்தப் பாட்டுகளைக் கேட்காத ஆளை அங்கே கூட்டிப்போனால் கொட்டாவி விடுவான்.

அயர்ன் மெய்டனை இந்தப் பட்டியலில் பலர் சேர்க்கவே மாட்டார்கள், கூடிய பேண்ட் என்பதே ஆட்களுக்கு மறந்துவிட்டது. 1993இல் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் விலகினார், 1999இல் திரும்பினார், கூடவே அதற்கும் முன்னால் போயிருந்த கிட்டார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும். இங்கே அவர்கள் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏட்ரியன் போன இடத்தில் வந்து வாசித்துக்கொண்டிருந்த ஜானிக் கெர்ஸை, ஆள் திரும்பி வந்தாச்சு, நீ கிளம்பு என்று அனுப்பவில்லை. மூன்று கிட்டாராகவே வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே புது ஆல்பம். 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அவர்களைப் பார்த்தபோது எனக்கு 30 வயதுகூட ஆகவில்லை. புதுப் பாட்டுகளையும் தைரியமாக நடுநடுவே வைத்திருந்தார்கள், கூட்டம் அதற்கும் பாடியது. எந்தப் பாட்டும் கண்காட்சிப் பொருளாக இல்லை. மூன்று கிட்டார் என்ற கணக்கு 2012இல் கன்ஸிலும் இருந்தது என்பதைக் கவனியுங்கள், அங்கே மூன்று பேர் நின்றும் இடம் காலியாகவே தெரிந்தது.

ஒரே ஒரு ராத்திரிக்காகச் சேர்கிறவர்கள் தனி ஜாதி, அதற்கெல்லாம் நம்மால் போக முடியாது. 2007 டிசம்பரில் லெட் செப்பெலின் லண்டனில் சேர்ந்தார்கள், ஒரு இரவு, முடிந்தது கதை. பிளாக் சபாத் 2025 ஜூலை 5, ஒயாசிஸ் கார்டிஃபில் தொடங்கிய மறுநாள், பிறந்த ஊரான பர்மிங்ஹாமில் பழைய நாலு பேராக நாலே பாட்டு வாசித்தார்கள். ஆஸி ஆஸ்போர்ன் நடக்க முடியாமல் ஆசனத்தில் உட்கார்ந்து பாடினார், 17 நாளில் இறந்துபோனார். அதை நன்றாக இருந்ததா என்று கேட்கவே கூடாது, வழியனுப்பு விழாவுக்கு மார்க் போடுவார்களா?

சரி, லிங்கின் பார்க். மேலே சொன்ன பேண்டுகளில், சண்டை போட்டுப் போனவர் திரும்பி வரலாம் என்ற வாய்ப்பாவது இருந்தது. இங்கே பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலையில் இறந்துபோனார். ஏழு வருடம் கழித்து 2024 செப்டம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ராங்கைப் பாட வைத்து வந்தார்கள், நவம்பரில் புது ஆல்பம். டிரம்மரும் வேறு ஆள். என் முதல் எண்ணம், இது 2012 பெங்களூரு மாதிரிதான், பெயர் மட்டும் பழசு. அக்கா மகனிடம் அதையே சொன்னேன். அவனுக்கு 31 வயது, அவன் ஸ்கூல் படிக்கும்போது சிடி தேயத் தேய இவர்களைத்தான் கேட்பான், பக்கத்து அறையில் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் சொன்னான், "மாமா, அவங்க செஸ்டர் மாதிரி பாடுறதுக்கு ஆள் தேடலை. பொண்ணை எடுத்திருக்காங்க. அப்பவே தெரியலையா, அந்த இடத்தை நிரப்ப வரலன்னு?"

அந்த வீடியோக்களைப் பார்த்தேன், முழுசாக மூன்று. பழைய பாட்டில் அலற வேண்டிய இடத்தில் அந்தப் பெண் தன் தொண்டையில்தான் அலறுகிறது, செஸ்டர் தொண்டையில் இல்லை. சில இடங்களில் ஒட்டவில்லை. ஆனால் பேண்டில் ராப் பாடும் மைக் ஷினோடா ஒரு வரி சொல்லி நிறுத்தும்போது, அது வந்து பிடிக்கும் இடத்தில், மும்பையில் பார்த்த அந்தக் காத்திருப்பு கொஞ்சம் இருக்கிறது.

என் வரிசையைக் கேட்டால், மெய்டன் முதல், 2025 கன்ஸ் இரண்டு, ஒயாசிஸ் நேரில் போயிருந்தால் ஒருவேளை முதலாகக்கூட இருந்திருக்கும், இப்போதைக்கு மூன்று, 2012 கன்ஸ் கடைசி. லிங்கின் பார்க்குக்கு இன்னும் இடம் போடவில்லை. அவனைத் திருப்பிக் கூப்பிட்டு வருகிறேன் என்றேன். "மாமா, ரொம்ப நேரம் நிக்கணும்" என்றான். முட்டிப் பட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.