புது ஆற்றங்கரை ஓட்டப் பயிற்சி: காலை பேட்ச் போதும், வண்டி வேண்டாம்

தஞ்சாவூரில் புது ஆற்றங்கரையை ஒட்டி, எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரையுள்ள பிள்ளைகளுக்கு 800, 1500, 3000 மீட்டர் ஓட்டம் சொல்லித்தரும் மையம் இது. காலை பேட்ச் மாதம் 1,500 ரூபாய். காலை மாலை இருவேளையும் உள்ள 'ஸ்பெஷல் பேட்ச்' 3,500. முதலாவதில் தாராளமாகச் சேர்க்கலாம். இரண்டாவதற்குக் கொடுக்கிற காசு தண்டம்.

காலை பேட்சின் அட்டவணை விஷயம் தெரிந்தவர் போட்டது. 15 வயதுப் பையனுக்கு வாரம் சுமார் 29 கி.மீ. திங்கள், புதன் ஐந்தைந்து கி.மீ. மெதுஓட்டம். செவ்வாய் டிராக்கில் 400 மீட்டர் பத்து. வியாழன் ஆறு கி.மீ., பேச்சு திக்கும் வேகத்தில். வெள்ளி ஓய்வு. ஞாயிறு கரையோரமாக ஒன்பது கி.மீ. சனிக்கிழமைதான் சுவாரசியம். டெல்டாவில் மேட்டுக்கு எங்கே போவது? ஆற்றுக்கரைச் சரிவிலேயே 20 மீட்டர் தூரத்தைப் பத்து தடவை ஏறவிட்டு, நடந்து இறங்கவைக்கிறார்கள். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் அது போதும்.

செவ்வாய்க்கிழமையும் நிதானம் உண்டு. 3000 மீட்டரை 10:30இல் ஓடுகிற பையனுக்குச் சுற்றுக்கு 84 விநாடிதான் கணக்கு. முதல் சுற்றை 76இல் பறந்தால் கோச் கைதட்டுவதில்லை, திட்டுகிறார். அடுத்தடுத்த இரண்டு சுற்று 87ஐத் தாண்டினால் அன்றைக்கு அவ்வளவுதான், ஷூவைக் கழற்ற வேண்டும்.

இத்தனையையும் கெடுப்பது வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர். மெதுஓட்டத்தின்போது டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பக்கத்திலேயே வரும் அப்பாக்களை மையம் தடுப்பதில்லை. கி.மீ.க்கு 5:20 ஓட வேண்டிய பையன், வண்டிச் சத்தத்துக்குப் பயந்து 4:30க்குப் போய்விடுகிறான். மறுநாள் டிராக்கில் கால் எழும்பாது. உடனே 'கோச் சரியில்லை' என்று பேச்சு வரும்.

டிராக்கிலும் இதே கூத்து. மெதுஓட்டத்தை வெளியோரமான எட்டாவது லேனில் விடுகிறார்கள். அங்கே ஒரு சுற்று 400 அல்ல, சுமார் 453 மீட்டர். 5:20 வேகத்தில் அதற்கு 145 விநாடி பிடிக்கும். வாட்ச்சோடு நிற்கும் அப்பா அதை 400க்கு வகுத்துப் பார்த்து, கி.மீ.க்கு ஆறு நிமிஷமா, சோம்பேறி என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். எல்லாப் பிள்ளைகளின் டைமையும் அந்தக் குழுவில் பகிரும் வழக்கத்தை மையமே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஸ்பெஷல் பேட்ச் காலை 5:00, மாலை 4:30. சித்திரை வெயிலில் 4:30 என்பது தார் ரோடு கொதிக்கும் நேரம். டியூஷன் முடிந்து பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுகிற பிள்ளைக்குத் தூக்கம் ஐந்தரை மணி நேரம். இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். கேட்டால் நார்வே முறை என்கிறார்கள். அங்கே இருவேளை ஓட்டம் என்பது இரத்தத்தில் லாக்டேட் (கடுமையாக ஓடும்போது ஏறும் பொருள்) எவ்வளவு என்று பார்த்து வேகத்தை அடக்கி ஓடுவது. இங்கே இரண்டு வேளையும் முட்டி மோதல். நார்வே ஓட்டவீரர் யாகோப் இங்கெப்ரிக்ட்சன் 2018இல், 17 வயதில், ஐரோப்பிய 1500, 5000 இரண்டிலும் தங்கம் வாங்கியதும் அப்பாதான் கோச் என்பதும் இங்குள்ள அப்பாக்களுக்கு மனப்பாடம். 2022இல் அந்த அப்பா கோச் வேலையிலிருந்து விலகியதையும், 2023இல் மூன்று மகன்கள் அவர்மீது வெளிப்படையாகப் புகார் சொன்னதையும் யாரும் பேசுவதில்லை.

ஞாயிறுதோறும் எடை பார்த்துப் போர்டில் எழுதுவது மகா தவறு. எடைக்குப் பயந்து பெண்பிள்ளைகள் காலைச் சாப்பாட்டை விடுகிறார்கள். மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் போனால் 'ஓடுற பொண்ணு, அப்படித்தான்' என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் எந்த அட்டவணையும் வேலை செய்யாது. முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் கொடுங்கள், ஆனால் சாப்பாட்டோடு டீ வேண்டாம். அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

கால்வலிக்கு மையத்தில் எல்லோருக்கும் ஒரே ஸ்ப்ரேதான். வீட்டிலேயே விரலால் அழுத்திப் பாருங்கள். முன்னங்கால் எலும்பில் ஒரு சாண் நீளத்துக்கு வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தால் தணியும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்றால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், அதை நம்பி மறுபடி ஓடவிடாதீர்கள். சட்டென உயரம் போடுகிற வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது வேறு. அதற்கு முதலில் சரிவு ஏற்றத்தை நிறுத்த வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் கரை வழுக்கும், டிராக்கில் தண்ணீர் நிற்கும். அந்த நாட்களை மார்கழியில் ஈடுசெய்வார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதில் எழுதித் தருவதில்லை.